தாணம்மையின் கன்னத்தில் ஏழு ஊசிகள்

நீங்கள் இப்போது கதிர் கொடுக்க ஆளை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, தடித்த சுவருக்கு அப்பால் போய் நின்று பொத்தானை அழுத்துகிறீர்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள். மணி அடிக்கிறது, முடிந்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஐம்பத்தைந்து வயதானதும் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை வாடுவதற்குள், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். அனுபவம் என்று என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பயம் நிறைய இருந்தது. அதைத்தான் எழுதித் தருகிறேன்.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக நுழைந்தவன். பிறகு புற்றுநோய் வைத்தியத்துக்கு ரேடியம் வந்தது. அதை வைத்துப் பூட்டும் ஈயப் பெட்டியின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, கட்டடத்திலேயே அதிகம் பயப்படுகிறவன் யார் என்று பார்த்து என்னிடம் கொடுத்தார்கள். நல்ல தேர்வு. சாவி கையில் வந்த அன்றிலிருந்து, இடுப்பில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்தே என் வேட்டி ஒரு பக்கம் நைந்துபோனது.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. எங்களுக்குக் கதிர் என்றால் இயந்திரமல்ல, ஊசி. தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடித்தது, உள்ளே ரேடியம் அடைத்தது. டாக்டர் அதைப் புண்ணைச் சுற்றிச் சதைக்குள் செலுத்தி, அசையாமல் இருக்க ஒரு தையலும் போட்டுவிடுவார். ஏழு நாள் அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியின் காதிலும் ஒரு பட்டுநூல் கோத்திருக்கும். வாய்ப்புண்ணானால் அந்த நூல்கள் உதட்டு வழியாக வெளியே வந்து கன்னத்தின்மேல் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருக்கும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நூல்களை எண்ண வேண்டும். ஏழு நூல் என்றால் ஏழு ஊசி. அதற்குமேல் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தாணம்மை பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு வயல்கரைக் கிராமத்திலிருந்து வந்தவள். சைவக் குடும்பம். வயது நாற்பத்தைந்து இருக்கும். முதல் நாளே ஆஸ்பத்திரிக் கஞ்சியை மோந்து பார்த்து, “மீன் சட்டியிலே வச்சதா?” என்று கேட்டாள். மறுநாள் சொந்தச் சட்டி வந்துவிட்டது. இடது கன்னத்தின் உட்புறம், வெற்றிலையும் புகையிலையும் இருபது வருஷமாக அடக்கி வைத்த அதே இடத்தில், புண். விடியுமுன் வயலுக்கு இறங்குகிறவர்களிடம் போய் வெற்றிலையைப் பற்றி நான் பிரசங்கம் செய்ததில்லை. ஒரு வாய் அடக்கினால் உச்சிவரைக்கும் பசி தெரியாது. பசியைப் போக்க நாம் வேறென்ன கொடுத்தோம்?

வீட்டில் எல்லோரிடமும் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தாள். எங்களிடமும் முதல் நாள் பல் என்றுதான் சொன்னாள்.

ஊசி வைத்து மூன்றாம் நாள் மதியம் நூலை எண்ணிக்கொண்டிருந்தேன். நூல்கள் இழுபடாதபடி உதட்டை அசைத்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

“கம்பவுண்டரய்யா, நாளைக்கு ஒரு நாளு வீட்டுக்குப் போயிட்டு வந்திரட்டா?”

“என்னத்துக்கு?”

“மவளுக்குப் பேச்சு முடிக்காவ. மாப்பிள்ளை வீட்டுலேருந்து ஆளு வருது.”

ஏழு நாள் என்றால் ஏழு நாள், நடுவில் எங்கும் போக முடியாது என்று சொல்லி, ஏன் என்றும் இரண்டு வரி விளக்கியிருந்தால் போதும். ஆனால் வார்டில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் பார்க்கும்போது எனக்கு நாக்கு நிற்காது.

“வாயிலே ஏழு நூலைத் தொங்கவிட்டுட்டுப் போய் நின்னா, வந்தவன் பொண்ணு வீடுன்னு நெனைப்பானா, பொம்மலாட்டம்னு நெனைப்பானா?”

வார்டு சிரித்தது. தாணம்மையும் நல்ல கன்னத்தால் சிரித்தாள். அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

“நூலு வெளியே தெரியலைன்னா?” என்று கேட்டாள்.

வேடிக்கை தொடர்கிறது என்று நினைத்தேன். “தெரியலைன்னா என்ன, ராணி மாதிரிப் போகலாம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எண்ணப் போனபோது கட்டில் காலி. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலையணைமேல் ஏழு பட்டுநூல்கள், ஒன்றாக முறுக்கி, அவிழாமலிருக்க முடிச்சும் போட்டு. பிளாஸ்திரியைக்கூடச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒழுங்கான பெண்.

ஏழு நூல் இருக்கிறது, ஆளைக் காணோம், ஊசியைக் காணோம். அந்த நிமிஷம் என் மூளை என்னைவிட்டுப் புறப்பட்டுப் போனது. அது திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் செய்ததைத்தான் நீங்கள் செய்யக்கூடாது.

டாக்டர் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரி வேனை எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறையில் முகாமுக்குப் போயிருந்தார், மாலைதான் வருவார். நான் நேராகத் தங்கத்தாள் பெட்டியை எடுத்தேன். இந்தக் காலத்தில் நீங்கள் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய தங்கத்தாள் தொங்கும். கம்பளியில் தேய்த்த குச்சியால் மேலே தொட்டால் தாள் விரிந்து நிற்கும். பக்கத்தில் ரேடியம் இருந்தால் பொத்தென்று விழும். ஊசி தொலைந்தால் தேட எங்களுக்கு அதுதான் நாய்.

தாணம்மை ஊசிகளைப் பிடுங்கி எங்கேயோ போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் வைத்தேன், தாள் விழுந்தது. சாக்கடை ஓரத்தில் வைத்தேன், விழுந்தது. கஞ்சிச் சட்டியில், குப்பைக் கூடையில், ஜெபப் பாட்டுப் புத்தக அலமாரியில் எல்லாம் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் கூந்தலில்கூட விழுந்தது; அவள் அலறி எழுந்து வெளியே ஓடினாள். ஒரு மணி நேரத்தில் பதினோரு இடத்தில் ரேடியம் கண்டுபிடித்தேன். பன்னிரண்டாவதாக என் சட்டைப் பைக்கு நேரே பெட்டியை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் விழுந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வார்டு நர்ஸ் அருமனை ஊர்க்காரி. வெகுநேரமாகக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாரே, வெளியே என்ன பெய்யுது?”

“மழை.”

“ஐப்பசி மழையிலே அந்தப் பெட்டிக்குள்ளே ஈரம் ஏறினா, ரேடியம் இல்லேன்னாலும் தாளு விழும். போன வருஷம் நீங்கதான் எனக்குப் படிப்பிச்சது.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். பயத்தில் தெரிந்தது எதுவும் தெரியாது.

அவள் தலையணைமேலிருந்த நூலை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இது கத்திரிச்சதாக்கும். இழுத்து எடுத்திருந்தா நூலோட ஊசியும் வந்திருக்கும், ரத்தமும் வந்திருக்கும். ஒரு சொட்டு இருக்கா பாருங்க. ஊசி எல்லாம் இருக்க வேண்டிய எடத்திலேதான் இருக்கு சாரே. ஆளுதான் எடம் மாறிட்டு.”

அப்போதுதான் எனக்கு ராணி ஞாபகம் வந்தாள். நேற்றைய வேடிக்கையை நர்ஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இனி நிலைமை இதுதான். நூல் இல்லாத ஊசி நழுவினால் தொண்டைக்குள் போகும், அல்லது எச்சிலோடு வெளியே போகும். ஊசியைப் பத்திரப்படுத்த இப்போதே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மூன்று நாள் வைத்தியம்தான் ஆகியிருக்கும். பாதியில் விட்ட புண் திரும்ப வரும், வந்தால் அடுத்த தடவை ஊசிக்கு அடங்காது. தாணம்மைக்கு இருந்த ஒரே வழி, ஏழு ஊசியும் ஏழு நாளும். அவளை நோகாமல் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் காரியதரிசிக்குச் செய்தி போய்விட்டது. குடையோடு வந்தார். கிராமத்து நோயாளிகளுக்கு ரேடியம் கொடுப்பதே அவருக்குப் பிடிக்காது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

“நான் அப்பமே சொன்னேன். வயக்காட்டு ஆளுகளுக்கு இதெல்லாம் குடுக்கப்பிடாது. போலீஸுக்கு எழுதும். ரேடியம் களவு போச்சுன்னு எழுதும். அவ சீட்டிலே ‘ஒத்துழைக்காத நோயாளி’ன்னு போட்டு மூடும்.”

எனக்குப் போலீஸ் என்றாலே பயம். ஆனால் அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஒத்துழைக்காதவன் நான்தான். அவள் மரியாதையாக அனுமதி கேட்டாள். நான் கேலி பண்ணினேன். அவள் இரண்டாவது முறையும் கேட்டாள். நான் போகச் சொன்னேன்.

“எழுதலாம் சார்,” என்றேன். “களவு போன சாமான் எங்கே இருக்குன்னு போலீஸ்காரன் கேப்பான். கல்யாணம் பேசுத வீட்டிலே, பொண்ணுக்கத் தாய் கன்னத்துக்குள்ளேன்னு எழுதணும். அந்த வீட்டு வாசல்லே போலீஸ் வந்து நின்னா பேச்சு முறியும். அதுக்குப் பொறவு அந்தப் பக்கத்திலேருந்து ஒருத்தி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து வாயைத் தொறக்க மாட்டா. நான் போய்க் கூட்டிட்டு வாறேன்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா என்னைப் போலீஸ்ல குடுங்க. நான் கட்டாயம் ஒத்துழைப்பேன்.”

நர்ஸ் இடுக்கியையும் சின்ன ஈயப் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தாள். தங்கத்தாள் பெட்டியை மெழுகுதுணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அது எதுக்கு?” என்றேன்.

“போற எடத்திலே அடுப்பு இருக்கும். சூடு காட்டினா இதுக்குப் புத்தி வரும். உங்களைப் பத்தித்தான் எனக்கு ஒறப்பில்ல.”

நாகர்கோவில் பஸ்ஸில் நெருக்கம். ஈயப் பெட்டி பார்க்கச் சின்னது. மடியில் வைத்தால் ஆட்டுரல். கண்டக்டர் வந்தார்.

“பெட்டியை மேலே போடும் வே.”

“முடியாது.”

“அப்படி என்ன, பொன்னா?”

நான் பெட்டியை வயிற்றோடு இறுக்கிக்கொண்டேன். நர்ஸ் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “பெரியவருக்க அஸ்தியாக்கும். கன்னியாகுமரியிலே கரைக்கக் கொண்டு போறோம்.”

பஸ் எழுந்து இடம் கொடுத்தது. பின்னால் இருந்த ஒருவர் என் தோளைத் தடவி, “நல்ல மனுஷன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் வில்வண்டியில் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. மழை விட்டிருந்தது. வாசலில் சின்னப் பந்தல், உள்ளே ஆண்களின் பேச்சு. பின்பக்கமாகப் போனோம். தொழுவுக்கும் அடுக்களைக்கும் நடுவில் தாணம்மை நின்றாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, நல்ல சேலை, கன்னம் வீங்கி, வாய் மூடி. எங்களைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

“நூலு தெரியலியே, கம்பவுண்டரய்யா,” என்றாள்.

நான் ஈயப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன்.

நர்ஸ் அவளை அடுக்களைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கையைக் கழுவி, வாய்க்குள் விரலை விட்டுத் தடவினாள். ஒன்று, இரண்டு என்று நர்ஸின் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

“ஆறுதான் சாரே. முன்னே உள்ள தையல் விட்டுருக்கு.”

“முழுங்கினியளா?” என்று தாணம்மையிடம் கேட்டேன்.

“முழுங்கலே. கொஞ்சம் முந்தி மைனிமாரு கட்டாயப்படுத்தி வாயிலே வெத்திலையை வச்சாவ. அடக்க முடியலே. முன்னே போய்க் கோளாம்பியிலே துப்பிட்டேன்.”

கோளாம்பி முன்கட்டில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெரிய பித்தளைக் கோளாம்பி. அதைச் சுற்றி இரண்டு வீட்டு ஆண்களும் சம்மணமிட்டிருந்தார்கள். அதற்கு மிக அருகே மாப்பிள்ளையின் மாமா, கன்னம் நிறைய வெற்றிலையோடு.

பிள்ளைகளே, ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்கள். விசேஷம் முடியட்டும், பிறகு மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அது நிதானம் மாதிரி இருந்தது. ஆனால் அது என் பயம் போட்டுக்கொண்ட வேஷம். கோளாம்பி நிறைந்தால் யாராவது எடுத்துத் தென்னைமூட்டில் கொட்டுவார்கள். மழைத்தண்ணீர் ஓடையில் இழுத்துப் போகும், ஓடை வயலுக்குப் போகும். அதன்பிறகு எந்தத் தாளும் அதைக் கண்டுபிடிக்காது. ஊசி போனால் காரியதரிசியின் வாய்க்குப் பூட்டு இல்லை. தாணம்மைக்குத் திருப்பி வைக்க ஏழாவது ஊசியும் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே உள்ளே போனேன். மாமா அப்போதுதான் துப்புவதற்காக முன்னால் சாய்ந்தார். அவர் வாய்க்கும் கோளாம்பிக்கும் ஒரு சாண் இருக்கையில் நான் அதை இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன்.

“நிறைஞ்சிட்டு அண்ணாச்சி. கழுவிக் கொண்டாறேன்.”

பாதி கூட நிறையவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணை உருட்டி “ம்ம், ம்ம்” என்றார். வாய் நிறைய இருந்ததால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. அன்று வெற்றிலை எனக்குச் செய்த ஒரே உதவி அது.

பின்கட்டில் விருந்துக்கு மூட்டிய பெரிய அடுப்பு எரிந்தது. சமையல்காரர், “என்ன வே, கண்ணாடியை வறுக்கிறியா?” என்று கேட்கக் கேட்க, தங்கத்தாள் பெட்டிக்குச் சூடு காட்டினோம். தாளை விரித்தேன், நின்றது. கோளாம்பிக்குப் பக்கத்தில் கொண்டு போகுமுன்பே விழுந்தது. மறுபடி விரித்தேன். மறுபடி விழுந்தது.

நர்ஸ் என் பின்னால் பார்த்தாள். தாணம்மை கவலையோடு என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நீங்க தொழுவு வரைக்கும் தள்ளிப் போகணும்,” என்றேன். “ஆறு ஊசியோட பக்கத்திலே நின்னா, நீங்கதான் ரேடியம்.”

அவள் தள்ளிப் போனாள். தாள் விரிந்து நின்றது, அசையாமல் நின்றது. கோளாம்பிக்கு மேலே கொண்டு போனேன். பொத்தென்று விழுந்தது. சிவந்த எச்சிலைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஓலைப்பாயில் கவிழ்த்து, குந்தி உட்கார்ந்து இடுக்கியால் துழாவிக்கொண்டிருந்தேன். முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. மெட்டி, கெட்டிக்கரைச் சேலை. மாப்பிள்ளையின் தாய்.

“என்னத்தத் தேடுதிய?”

“மூக்குத்தி,” என்றேன். “தாணம்மைக்க மூக்குத்தி விழுந்துட்டு.”

அவள் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டும் அவ மூக்கிலே கெடக்கே.”

சரியாக அந்த நேரத்தில்தான் இடுக்கி முனையில் ஊசி வந்தது. வெயிலில் மின்னியது.

“இது எந்த மூக்குக்கு?” என்றாள்.

ஊசியை ஈயப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தேன். என்ன பொய் என்று எனக்கே தெரியாது. அதற்குள் தாணம்மை வந்து, என்னை நிறுத்தும்படி கையைக் காட்டினாள்.

“மதி, கம்பவுண்டரய்யா.” பிறகு சம்பந்தியைப் பார்த்தாள். ஆறு ஊசி குத்துகிற வாயால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “மைனி, எனக்கு வாயிலே புத்து. பல்லுன்னு சொன்னது பொய்யி. உள்ளே ரேடியம் ஊசி வச்சிருக்காவ. எனக்க மவளுக்குத் தெரியாது. எங்க வீடு வேண்டாம்னு தோணிச்சுன்னா இப்பமே சொல்லிருங்க. சோறு வெளம்பினப்புறம் சொல்லாதிய.”

மாப்பிள்ளையின் தாய் என்னிடம்தான் கேட்டாள்.

“தொத்துமா?”

“தொத்தாது.”

“அந்தப் பிள்ளைக்கு வருமா?”

“வெத்திலையும் பொயிலையும் அடக்கினா யாருக்கும் வரலாம். தாய்க்கு வந்ததுனாலே பிள்ளைக்கு வரும்னு இல்லை.”

“இவ பொழைப்பாளா?”

எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறவன் நான். அன்று வேடிக்கையை விட்டேன். பிழைப்பாள் என்று சொன்னால் சம்பந்தம் நிற்கும். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தாணம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதுவரை அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

“ஏழு நாளும் ஊசி முழுசா இருந்தா பொழைக்க நல்ல வழியிருக்கு,” என்றேன். “இன்னைக்கோட நிறுத்தினா இல்லை. உறுதி கேட்டா எங்கிட்ட இல்லை. இப்பமே கூட்டிட்டுப் போகணும்.”

“இப்பமே எப்படிப் போவும்? தாம்பூலம் போடல்லியே.”

அந்த இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம். பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்து வாயில் போட்டால்தான் பேச்சு உறுதி. ஆண்கள் எத்தனை மணி நேரம் பேசி முடித்தாலும் அதுவரை அது வெறும் பேச்சு. ஒருத்தி வாயில் போடாமல் போனால் மனசில்லை என்று அர்த்தம். தாணம்மை நூலை அறுத்துக்கொண்டு வந்தது அந்த ஒரு வாய்க்காகத்தான்.

நான் இரண்டு பெண்களையும் பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்தது. ஒதுங்கி நின்றேன். நீங்களும் சில நேரம் அதைச் செய்ய வேண்டிவரும்; பொத்தான் அழுத்துவதைவிடக் கஷ்டம்.

மாப்பிள்ளையின் தாய் உள்ளே போனாள். தட்டோடு வந்தாள். பின்னாலேயே இரண்டு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லோரும் பார்க்க, மடித்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து வலது கன்னத்தில் அடக்கினாள். “இது எனக்கு,” என்றாள். இன்னொன்றை எடுத்து இடது கன்னத்தில் அடக்கினாள். “இது அவளுக்கு. ரெண்டு பேருக்கும் நானே போட்டாச்சு. பேச்சு முடிஞ்சுது. சம்பந்திக்குச் சொகமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறா. இதிலே யாருக்காவது கேக்கதுக்கு உண்டுன்னா எங்கிட்டக் கேளு.”

இரண்டு கன்னமும் உப்பியிருந்ததால் பாதிதான் புரிந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் நின்ற கல்யாணப்பெண் தாயின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள், ஈயப் பெட்டியைப் பார்த்தாள். அம்மாவின் கஞ்சிச் சட்டியை எடுத்து வந்து நர்ஸ் கையில் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தாணம்மை வாயை மூடியே இருந்தாள். நர்ஸ் அவள் தாடைக்கடியில் ஒரு துணியைப் பிடித்திருந்தாள்.

டாக்டர் முகாமிலிருந்து வந்து இறங்கும்போது நாங்களும் வந்து சேர்ந்தோம். ஏழாவது ஊசியைத் திருப்பி வைத்தார். அது வெளியே இருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கடைசியில் கூட்டிக்கொண்டார். ஏழுக்கும் புது நூல் கோத்தார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“போகலாம்னு யார் சொன்னது?”

“நான்தான் சார். வேடிக்கையா.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “அடுத்த தடவை ஒருத்தர் லீவு கேட்டா, என்ன விசேஷம், எத்தனை மணிக்கு, போகாட்டா என்ன ஆகும்னு கேளும். மூணுக்கும் பதில் வந்தப்புறம் கேலி பண்ணும்.”

காரியதரிசி விடவில்லை. கிராமத்து நோயாளிகளுக்கு ஊசி வைப்பதை நிறுத்த வேண்டும் என்று நீளமாக ஓர் அறிக்கை எழுதினார். என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நடந்தது முழுவதையும் எழுதினேன்: ராணி, பதினோரு இடம், அஸ்தி, கோளாம்பி, ஒன்றையும் மறைக்கவில்லை. தப்பு நோயாளியுடையது அல்ல, என்னுடையது. தண்டனையை எனக்குக் கொடுங்கள், ரேடியத்தை அவர்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்று முடித்தேன். டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டு ஒரு வரி சேர்த்தார்: இனி ஊசி வைக்குமுன் அடுத்த பத்து நாளில் வீட்டில் என்னென்ன விசேஷம் என்று கேட்டு எழுதப்படும்.

“ஆஸ்பத்திரி இனி பஞ்சாங்கம் பார்த்தா நடக்கும்?” என்று காரியதரிசி கூட்டத்தில் கேட்டார்.

“ஆமா,” என்றார் டாக்டர்.

அப்படியே நடந்தது. நடவு, அறுப்பு, கோயில் கொடைவிழா, பிள்ளைப்பேறு, கிறிஸ்தவ சபையின் அசன விருந்து, எல்லாம் எங்கள் சீட்டில் ஏறியது. அதற்குத் தோதாக ஊசி வைக்கும் நாளை முன்னும் பின்னும் தள்ளினோம். அதற்குப் பிறகு நான் இருந்தவரை ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை. அந்த வயக்காட்டு ஆட்கள்தான், அதே புண்கள்தான். நாங்கள் கேட்டோம், அவ்வளவுதான். உங்கள் இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் அதற்குக் கேட்கத் தெரியாது. ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதப் பேனாவை எடுக்கும் பிள்ளைகளே, முதலில் அந்தப் பேனாவை உங்கள் பக்கம் திருப்புங்கள்.

தை மாதம் தாணம்மை சோதனைக்கு வந்தாள். ஒரு பஸ் நிறையப் பெண்கள் இறங்கியதுபோல் இருந்தது. எண்ணினால் ஆறு பேர். முன்னால் தாணம்மையும் அவள் சம்பந்தியும். மகள் கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் காரியதரிசி நின்றார்.

“கூட்டமா எங்கே போறிய? இதிலே நோயாளி யாரு?”

“அதைப் பாக்கத்தானே வந்திருக்கோம்,” என்றாள் சம்பந்தி. அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

ஜன்னலோரம் பெஞ்சைப் போட்டு வரிசையாக உட்கார வைத்தேன். தாணம்மை வாயைத் திறந்தாள். புண் இருந்த இடம் வெளுத்து, மழமழவென்று ஆறியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தினார். தடிப்பு இல்லை. அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். டாக்டர் தலையசைத்ததும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கடைசியில் சம்பந்தி. இடது கன்னத்தின் உட்புறம், புளியங்கொட்டை அளவில், விளிம்பு தடித்த ஒரு புண். டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டு வரச் சொன்னார். நான் பிடித்த வெளிச்சம் அவள் மூக்கில் விழுந்தது.

“நேரா பிடியும் வே,” என்றாள் வாயைத் திறந்தபடியே. டாக்டர் பார்த்து முடித்ததும் என்னிடம் திரும்பினாள். “உண்டா?”

“புண்ணு உண்டு,” என்றேன். “என்ன புண்ணுன்னு சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

அவள் தாணம்மையைப் பார்த்தாள். மடியிலிருந்த வெற்றிலைப் பொதியை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

“மாசி பாதியிலே அறுப்பு. ஊசிதான்னு ஆச்சுன்னா, அதுக்கு முந்தி ஏழு நாளு தாரேன். இவ எனக்குக் கூட இருப்பா. எழுதும்.”

வாசற்படியில் காரியதரிசி பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதினேன்.